ஔவை: ஒரு பெயருக்கு மூப்பு வந்த கதை

தமிழ் அரிச்சுவடி படித்த எவருக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். அ – அம்மா, ஆ – ஆடு என்று தொடங்கி, உயிரெழுத்து வரிசையின் கடைசிக் கட்டத்தில் ஔ வரும். அதன் பக்கத்தில் நரைத்த தலை, நெற்றி நிறைய நீறு, கையில் கோல், வளைந்த முதுகு. கீழே 'ஔவை' என்று எழுதியிருக்கும். ஔகாரத்தில் தொடங்கும் சொற்கள் தமிழில் மிகச் சில. அவற்றுள் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கத் தக்கது ஏறத்தாழ இந்த ஒன்றுதான். ஆகவே தமிழ்க் குழந்தை முதன்முதலில் அறிமுகம் கொள்ளும் புலவர் ஒரு பெண். அவரை அது அறிமுகம் கொள்வதோ ஒரு கிழவியாக.

நமக்கு மகள் பிறந்தபோது அவளுக்கு ஔவை என்று பெயரிட விரும்பினோம். முதுகலையில் புறநானூறு படித்த நாள்முதல் உள்ளத்தில் இருந்த ஆசை அது. பெயர் சூட்டும் நாளுக்கு முன்தினம் வீட்டில் சொன்னோம். அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "ஏய்யா, பச்சப்புள்ளைக்குப் போயி கெழவி பேர யாராவது வைப்பாவளா? பள்ளிக்கூடத்துல எல்லாரும் கெழவி கெழவின்னுல்லா கூப்பிடுவாவ!" சிரிப்பொலியில் பேச்சு முடிந்துபோயிற்று. குழந்தைக்கு வேறொரு நல்ல தமிழ்ப்பெயர் அமைந்தது. ஆயினும் அத்தை கேட்ட கேள்வி நம்மை விடவில்லை. ஔவை என்றால் கிழவி என்று பொருளா? எப்போதிலிருந்து? இக்கட்டுரை அந்தத் தேடலின் பயன்.

சொல்லும் அதன் சுற்றமும்

அம்மை, அன்னை, அக்கை, அத்தை, அவ்வை. இவை ஒரே வார்ப்பில் அமைந்த உறவுமுறைச் சொற்கள். எல்லாம் அகரத்தில் தொடங்கி, நடுவே ஒரு மெய் இரட்டித்து, ஐகாரத்தில் முடிபவை. தமிழில் ஐகாரத்தில் முடியும் இச்சொற்கள் தெலுங்கிலும் கன்னடத்திலும் அகரத்தில் முடியும். நம் அம்மை அங்கே அம்ம, அக்கை அக்க, அவ்வை அவ்வ.

தெலுங்கில் 'அவ்வ' என்றால் பாட்டி. தமிழ்நாட்டில் வாழும் தெலுங்குக் குடும்பங்களில் இன்றும் பாட்டியை 'அவ்வா' என்றழைப்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். கன்னடத்தில், அதிலும் வடகர்நாடகப் பேச்சில், 'அவ்வ' பெற்ற தாயைக் குறிக்கும். அப்பகுதியிலும் தெலங்கானாவிலும் எல்லவ்வ, கங்கவ்வ எனப் பெண்களின் பெயருக்குப் பின்னொட்டாகவும் அது வரும். நாம் மாரியம்மாள், பேச்சியம்மாள் என்று அம்மாளைச் சேர்ப்பது போன்றதே அது. அங்கே எல்லவ்வ என்று ஒரு பெண் குழந்தைக்குப் பெயரிட்டால், கிழவி பெயர் என்று யாரும் நகைப்பதில்லை.

தமிழிலும் பழைய பொருள் தாய்தான். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கண்ணகியின் தாய் இறந்த செய்தியைச் சொல்லுமிடத்தில் அத்தாயைக் குறிக்கும் சொல் அவ்வை. மாமியைக் குறிப்பது அம்மாமி. ஒருத்தியைப் பெற்றவள் அவ்வை என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. அகராதிகளோ தாய், முதியவள், தவப்பெண் என மூன்று பொருளும் தரும். மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒன்றே: மதிப்புக்குரிய பெண். வீட்டில் அவள் தாய், ஊரில் மூத்தவள், துறவு பூண்டால் தவப்பெண்.

இச்சொல்லின் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு: தவ்வை. இதைத் தம் + அவ்வை என்று பிரிப்பர். மூத்த உடன்பிறந்தாளைக் குறித்த சொல் அது. திருக்குறள் திருமகளின் மூத்தாளைத் தவ்வை என்று சுட்டுகிறது. மூத்தவள் என்ற பொருளிலேயே அமைந்த மூதேவி என்னும் சொல் இன்று வசவாகி நிற்கிறது. பல்லவர், பாண்டியர் காலக் கோயில்களில் சேட்டையாக அமர்ந்து வழிபாடு பெற்ற தெய்வம் அவள். மூத்த பெண்ணைக் குறித்த சொற்களுக்குத் தமிழில் நேர்ந்த கதியை இந்த ஒன்றே காட்டும். அவ்வைக்கு அந்த அளவு கேடு வரவில்லை. அதற்கு வந்தது மூப்பு மட்டுமே.

ஔவையா, அவ்வையா, ஒளவையா?

பெயரை எழுதும் முறையிலும் குழப்பம் உண்டு. அகரமும் உகரமும் சேர்ந்து ஔகாரம் போல ஒலிக்கும் என்பது தொல்காப்பியம். அகரத்தோடு வகர மெய் சேர்ந்தாலும் அவ்வாறே என நன்னூல் உடன்படும். ஆகவே ஔவை, அவ்வை இரண்டும் இலக்கணம் ஏற்ற வடிவங்களே. முன்னதைப் பிழையென்றும் பின்னதைக் கொச்சையென்றும் சொல்வார் கூற்றில் பொருளில்லை.

பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தில் ஔகாரத்துக்கு மாற்றாக 'அவ்' என்று எழுதுவதும் இருந்தது. 1978ஆம் ஆண்டு தமிழக அரசு ணை, லை, னை முதலிய வடிவங்களை ஏற்று ஆணையிட்டபோது ஐகாரத்தையும் ஔகாரத்தையும் தொடவில்லை. அரிச்சுவடியின் கடைசிக் கட்டமும் பிழைத்தது. அதிலிருந்த பாட்டியும் பிழைத்தார்.

மூன்றாவது வடிவம் கணினியால் பெருகியது. ஔ என்னும் எழுத்தின் பின்பகுதி பார்வைக்கு ளகரம் போலிருப்பதால், பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவை' என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அது ஒ-ள-வை என மூன்றெழுத்துச் சொல். ஒரு வடிவத்தைத் தேடினால் மற்றொன்று அகப்படாமல் போவதும் உண்டு. ஆங்கில எழுத்துகளில் எழுதப்படும்போது மேலும் பல உருக்கள் தோன்றின. வெள்ளிக் கோளில் உள்ள ஒரு குழிக்கு நம் புலவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அங்கே அவர் பெயர் 'அவ்வியார்'.

பெயர் சொல்லாத புலவர்

இனி அப்பெயரைத் தாங்கியவரிடம் செல்வோம். சங்கத் தொகைகளில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்கப் பெண்பாற் புலவர்களுள் இத்தனை பாடல்கள் வேறெவர்க்கும் இல்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்களத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்பதால், அவன் கதைமாந்தன் அல்லன், வரலாற்று மனிதன் என்பது உறுதியாயிற்று.

இந்த 59 பாடல்களில் அவர் பிறர் பெயரைச் சொல்கிறார். பரணர் பாடியதைப் புறநானூற்றின் 99ஆம் பாடலில் போற்றுகிறார். காதலனைத் தேடிச் சென்ற வெள்ளிவீதியை அகநானூற்றின் 147ஆம் பாடலில் நினைவுகூர்கிறார். ஒரு பெண்பாற் புலவர் மற்றொரு பெண்பாற் புலவரின் பெயரைத் தம் பாட்டில் பொறித்துவைத்த அரிய இடம் அது. ஆனால் தம் பெயரை அவர் எங்கும் சொல்லவில்லை. ஔவையார் என்பது தொகுத்தோர் பாட்டின் கீழே எழுதிவைத்த குறிப்பு. அது பெற்றோர் இட்ட பெயரா, பின்வந்தோர் மதிப்புக் கருதி அழைத்த பெயரா? 'ஆர்' விகுதி பிறர் தந்தது. 'ஔவை'யும் அவ்வாறே வந்திருக்கக் கூடும். உறவுமுறைச் சொல் ஒன்று பெயரின் இடத்தில் அமர்ந்துகொண்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பெண் கவிகளுக்கு இது வழக்கமாக நேர்வதுதான். காரைக்காலில் பிறந்த புனிதவதி நமக்கு அம்மையார். வில்லிபுத்தூர்க் கோதை ஆண்டாள். கன்னட நாட்டு மகாதேவி அக்க. அவர்களுக்கேனும் பழைய பெயர் எஞ்சியது. ஔவைக்கு எஞ்சியது உறவுமுறைச் சொல் மட்டுமே.

பாடல்களில் தெரியும் வயது

அப்பாடல்களில் தெரிபவர் கிழவியா? புறநானூற்றின் 89ஆம் பாடலில் பகைவேந்தன் அவரை நோக்கி, உங்கள் நாட்டில் போரிடுவாரும் உளரோ என்று வினவுகிறான். அப்போது அவன் அவரை விளிப்பது மையுண்ட கண்ணும் ஒளி நெற்றியும் உடைய விறலி என்று. விறலி ஆடியும் பாடியும் வாழ்ந்த கலைமகள். 92ஆம் பாடலில் அவரே தம் சொற்களைக் குழந்தையின் மழலைக்கு ஒப்பிடுகிறார். யாழுக்கு ஒவ்வாததாய், பொருள் விளங்காததாய் இருந்தும் தந்தையர்க்கு இனிக்கும் மழலையைப் போல என் சொல் உனக்கு இனிக்கிறது என்று அதியமானிடம் சொல்கிறார். இங்கே குழந்தை ஔவை, தந்தை அதியமான். அவன் மாண்டபின் பாடிய 235ஆம் பாடலில், நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையை அவன் தடவுவான் என்று நினைந்து அழுகிறார். வயது முதிர்ந்த பாட்டியின் தலையை மன்னன் ஒருவன் தடவிக் கொடுப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள், பொருந்தாது. இளையவளிடம் மூத்தவன் காட்டும் பரிவு அது.

பாடலில் பேசும் குரலைப் பாடியவரின் வயதுக்கு முழுச் சான்றாகக் கொள்ள இயலாது என்பதை அறிவோம். குறுந்தொகையின் 28ஆம் பாடலில், தன் காமநோய் அறியாது உறங்கும் ஊரை முட்டுவேனோ தாக்குவேனோ என்று கொதிக்கும் தலைவியை ஔவை படைத்தார் என்பதால் அவரே அத்தலைவி ஆகிவிடமாட்டார். ஆயினும் ஒன்று சொல்லலாம். அவரை முதியவராகக் காட்டும் அடி இப்பாடல்களில் இல்லை. எதிரான அடிகள் உண்டு. கிழவி பிறகு வந்து சேர்ந்தவள்.

ஒரு பெயரில் பலர்

எப்போது வந்தாள்? சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றைப் பாடிய ஔவை ஒருவர் தோன்றுகிறார். கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் சேர்த்துச் சோழர் காலத்தில் வைத்து இவரைப் பற்றிய கதைகள் வழங்குகின்றன. ஞானக்குறள், விநாயகர் அகவல் ஆகியவற்றின் ஆசிரியரை வேறொருவராகக் கொள்வாரும் உளர். இருவர் என்பார் முதல் அறுவர் என்பார் வரை அறிஞர் பலவாறு கணக்கிட்டுள்ளனர். மொழிநடையே இவர்கள் ஒரே காலத்தவர் அல்லர் என்பதைக் காட்டிவிடும்.

மக்கள் நாவில் மட்டும் இவர்கள் ஒருவரே. பல நூற்றாண்டு இடைவெளியை எப்படி இணைப்பது? அதற்கு விடை கையருகிலேயே இருந்தது. நெடுநாள் வாழச் செய்யும் அருநெல்லிக் கனியை அதியமான் தானுண்ணாது ஔவைக்கு ஈந்த செய்தி புறநானூற்றின் 91ஆம் பாடலில் உள்ளது. கனியை உண்டவர் நெடுநாள் வாழ்ந்தார். நெடுநாள் வாழ்ந்தவர் கிழவியாகத்தானே இருப்பார்? நன்றியுரையாகப் பாடிய ஒரு பாட்டு, பின்னாளில் பாடியவருக்கு நரை தந்தது.

பெயரின் பொருளும் கதையைத் தூண்டியது. ஔவை என்றால் முதியவள் என்று சொல் சுருங்கிவிட்ட காலத்தில், அவர் எப்படி முதியவளானார் என்று சொல்ல ஒரு கதை தேவைப்பட்டது. இளம்பெண்ணான ஔவைக்கு மணம் பேசினார்கள். அவர் பிள்ளையாரிடம் வேண்டி, இளமையை விடுத்து மூப்பைப் பெற்றார் என்பது அக்கதை. காரைக்கால் அம்மையார் ஊனுடம்பை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்ற வரலாற்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பெண் தனியே நாடெங்கும் நடக்க வேண்டும். அரசனிடம் தூது போக வேண்டும். அவையில் புலவரை மடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அறம் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் இளம்பெண் செய்தாள் என்று நம்பப் பிற்காலச் சமூகத்துக்கு மனம் வரவில்லை. உடலின் இளமையைக் கழற்றி வைத்தால்தான் அவள் வாயைத் திறக்கலாம். சங்க காலத்தில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் சென்று, அவன் படைக்கலக் கொட்டிலில் நின்று அங்கதம் பேசிய பெண்ணுக்கு அந்த நிபந்தனை இருந்ததாகத் தெரியவில்லை.

அதே கதையை வேறு விதமாகவும் பார்க்கலாம். மணத்தைத் தவிர்க்க ஒரு பெண்ணுக்கு வழியே இல்லாத காலத்தில், மூப்பு என்ற வாயிலையேனும் அக்கதை திறந்து வைத்தது. கதையைச் சொல்லிச் சொல்லிக் காத்தவர்களுள் பெண்களே பெரும்பான்மையர் என்பதை மறக்கலாகாது.

நோன்பும் நூற்றாண்டும்

தென்மாவட்டங்களில் ஔவை நோன்பு என்று ஒன்று உண்டு. தை, மாசி, ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை இரவில் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆண்களை, சிறுவர்கள் உட்பட, வெளியே அனுப்பிவிடுவார்கள். பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை செய்து, ஔவையின் கதை சொல்லி, விடியுமுன் உண்டு முடிப்பார்கள். ஆண் கண்ணில் அது படலாகாது. 'மறந்தால் மாசி, தட்டினால் தை, அசந்தால் ஆடி' என்று நோன்பு நாளுக்குச் சொலவடையே உண்டு. நாகர்கோவிலை அடுத்த தாழாக்குடிப் பகுதியில் ஔவையாரம்மன் கோயிலும் இருக்கிறது. கன்னிப் பெண்கள் நல்ல கணவன் வேண்டி இந்நோன்பில் அமர்வதுண்டு. மணம் வேண்டாமென்று மூப்பை வேண்டியவர் பிறருக்கு மணம் கூட்டிவைக்கிறார்! நம் அத்தையும் ஆண்டுதோறும் இந்நோன்பை விடாமல் காப்பவர். ஔவைக்குக் கொழுக்கட்டை அவித்த கைதான் அந்தப் பெயரைத் தொட்டிலுக்கு வேண்டாம் என்று தள்ளியது.

இருபதாம் நூற்றாண்டில் இப்பெயருக்கு நேர்ந்தது இன்னும் வியப்பு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆதரவற்ற பெண்களுக்கும் தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமியருக்கும் நிறுவிய இல்லத்துக்கு அவ்வை இல்லம் எனப் பெயரிட்டார். தாய் என்ற பழம்பொருள் அங்கே மீண்டது. 1953இல் ஜெமினி நிறுவனம் எடுத்த ஔவையார் திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நடித்தார். 1908இல் பிறந்த அவருக்கு அப்போது 45 வயதுகூட நிறையவில்லை. படத்தில் ஔவையின் இளமைப் பருவமும் உண்டு. மக்கள் நினைவில் தங்கியதோ கோலூன்றிய உருவம். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுந்த சிலையும் அதே உருவம்தான்.

பெண் குழந்தைகளுக்கு இடத் தயங்கிய அப்பெயரை ஆண்கள் தாங்கினார்கள் என்பது அடுத்த வியப்பு. மேடையில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி. கே. சண்முகம் அவ்வை சண்முகம் ஆனார். சென்னையில் அப்பெயரில் ஒரு சாலையே உண்டு. திண்டிவனத்தை அடுத்த ஔவையார்குப்பத்தில் பிறந்ததால் உரைவேந்தர் சு. துரைசாமிப் பிள்ளை ஔவை என்பதைத் தம் பெயர்முன் வைத்தார். ஐங்குறுநூற்றுக்கும் புறநானூற்றுக்கும் உரைகண்ட பெருமகன் அவர். அவர் மைந்தரும், தமிழ்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரும், 2022இல் மறைந்தவருமான நடராசன் அதையே அவ்வை என்று எழுதினார். தந்தைக்கும் மைந்தருக்கும் இடையே அப்பெயரின் இரு வடிவங்களும் வாழ்ந்தன. 1996இல் வந்த அவ்வை சண்முகி திரைப்படத்தில் வயதான மாமி வேடம் புனையும் ஆணுக்கும் இப்பெயரே வந்தது. காரைக்காலில் மகளிர் கல்லூரிக்குப் பெயர் அவ்வையார். தமிழக அரசு மகளிர்க்கு வழங்கும் விருதுக்கும் அதே பெயர். கல்லூரிக்கும் விருதுக்கும் சாலைக்கும் இடத்தகும் பெயர், ஏனோ ஒரு சிறுமிக்கு இடத்தகாததாகிவிட்டது.

முடிவாக

சென்ற மாதம் ஒரு மாலை, வகுப்புக்காகப் புறநானூற்றின் 92ஆம் பாடலைக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தோம். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் அருகில் வந்து பொருள் கேட்டாள். சொன்னோம். மழலையைப் பற்றிய உவமையைச் சற்று நேரம் யோசித்தவள், "அப்ப இவங்க பாட்டி இல்லையாப்பா?" என்றாள். இல்லை என்றோம். பெயர் சூட்டிய நாளில் நடந்ததையும் சொன்னோம். "இதெல்லாம் அத்தைப்பாட்டிகிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சொல்லியிருக்கலாம். அன்று நாமே இவ்வளவையும் தேடிப் படித்திருக்கவில்லை. அத்தையின் சொல்லுக்கு எதிர்நின்று, ஔவை என்றால் தாய், விறலி, தூதுவர், மன்னன் பரிவோடு தலைதடவிய இளையவள் என்று எடுத்துரைக்க நம்மிடம் சான்று இருக்கவில்லை, சிரித்துவிட்டு வாளாவிருந்தோம். இன்று அதை எழுதி வைக்கிறோம். இதைப் படிப்போர் எவர் வீட்டிலேனும் தொட்டில் கட்டும் நாள் நெருங்கி, இப்பெயர் மனத்தில் வந்து, கிழவி பெயரென்று யாரேனும் தடுத்தால், இக்கட்டுரையைக் காட்டுங்கள். ஔவை என்றோ அவ்வை என்றோ, விரும்பிய வடிவில் எழுதிக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழில் ளகரம் நுழையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.